இலைப் பச்சையும் செவ்வொளியும்: வாய்ப் புற்றுநோய்க்கு ஒளிவினைச் சிகிச்சை

மனித உடலின் உட்பகுதிகளுள் மிக எளிதாகக் கண்ணால் பார்க்கக்கூடியது வாய். குடலிலோ நுரையீரலிலோ தோன்றும் புற்றைக் காண நுட்பமான கருவிகள் வேண்டும்; கன்னத்தின் உட்புறத்தில் தோன்றுவதைக் காணப் பகல் வெளிச்சமும் பயிற்சி பெற்ற கண்ணுமே போதும். அவ்வாறிருந்தும் நம் நாட்டில் வாய்ப் புற்றுநோயாளர் பெரும்பாலோர் நோய் முற்றிய பின்னரே மருத்துவமனையை அடைகின்றனர். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020ஆம் ஆண்டில் உதட்டிலும் வாயிலும் புதிதாகப் புற்றுநோய் கண்டவர்கள் உலகெங்கும் சுமார் 3,77,000 பேர். அவர்களுள் 1,35,000 பேருக்கு மேல் இந்தியர். அவ்வாண்டில் இந்நோயால் இந்தியாவில் இறந்தவர்கள் சுமார் 75,000 பேர்.

அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சும் இந்நோய்க்குரிய முதன்மையான சிகிச்சைகளாக இருந்து வருகின்றன. இவற்றால் உயிர் பிழைப்போர் பலர். எனினும் நாக்கின் ஒரு பகுதியையோ தாடையையோ இழந்தவர் பேசவும் விழுங்கவும் படும் துன்பம் சிறிதன்று. ஆகவே, நோயுற்ற இடத்தை மட்டும் அழித்து, சுற்றியுள்ள உறுப்பைக் காக்கும் முறைகளை விஞ்ஞானிகள் நெடுநாளாகத் தேடி வந்துள்ளனர். அவற்றுள் ஒன்று ஒளிவினைச் சிகிச்சை. இருளில் அடங்கியிருந்து, வெளிச்சம் பட்டவுடன் செயற்படும் ஒரு பொருளை நோயாளியின் உடலிற் செலுத்தி, நோயுள்ள இடத்தில் மட்டும் ஒளியைப் பாய்ச்சுவதே இம்முறையின் சாரம். இவ்வகைப் பொருள்களிற் பலவற்றைத் தாவரங்களே நமக்குக் கற்றுத் தந்தன.

மேய்ச்சல் நிலம் கற்பிக்கும் பாடம்

ஒளியும் தாவரப் பொருளும் சேர்ந்து உடலைத் தாக்கக்கூடும் என்பதைக் கால்நடைத் துறைப் பணியாளர் நன்கு அறிவர். உண்ணிச்செடியைத் தின்ற மாட்டுக்கும் ஆட்டுக்கும் முதலில் ஈரல் கெடுகிறது. தழையிலுள்ள பச்சையம் இரைப்பையிற் சிதைவதால் உண்டாகும் ஒரு பொருளை நல்ல ஈரல் பித்தத்தின் வழியே வெளியேற்றிவிடும். கெட்ட ஈரலால் அது முடிவதில்லை. அப்பொருள் இரத்தத்திற் கலந்து தோலை அடைகிறது. பின்னர் அக்கால்நடை வெயிலில் நின்றால், வெண்மையான அல்லது முடி குறைந்த தோற்பகுதிகள் வெந்து புண்ணாகின்றன. அதே கால்நடையை நிழலிற் கட்டினால் இத்தோற்புண் மேலும் பரவுவதில்லை. பச்சையத்தின் சிதைவுப் பொருள் தனியே செய்யாததை, வெயிலுடன் சேர்ந்து செய்கிறது.

மற்றொரு சான்று நம் மருத்துவ மரபிலேயே உள்ளது. கார்போகரிசி விதையை வெண்திட்டுகளுக்குப் பயன்படுத்தி, அவ்விடத்தில் வெயில் படச் செய்யும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழமையானது. அவ்விதையிலுள்ள சோரலென் என்னும் பொருள் புறஊதாக் கதிரை ஏற்றுச் செயற்படுகிறது. எகிப்தில் இதே இனப் பொருளைக் கொண்ட வேறொரு செடியை ஆராய்ந்த விஞ்ஞானிகள், 1940களின் பிற்பகுதியில் அதனைத் தூய்மையாகப் பிரித்தெடுத்து வெண்திட்டு நோய்க்குக் கொடுத்தனர். 1970களில் இம்முறை காளாஞ்சகப்படை போன்ற தோல் நோய்களுக்கும் பரவியது.

ஒரு மாணவரின் ஆராய்ச்சி

இந்நிகழ்ச்சிகளின் காரணம் 1900ஆம் ஆண்டில் விளங்கத் தொடங்கியது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஹெர்மன் ஃபான் டாப்பைனர் என்னும் பேராசிரியரிடம் பயின்ற ஆஸ்கார் ராப் என்னும் மாணவர், அக்ரிடின் என்னும் ரசாயனப் பொருள் நீரில் வாழும் நுண்ணுயிர்களை எவ்வளவு நேரத்திற் கொல்கிறது என்று ஆராய்ந்தார். ஒரே அளவு மருந்து ஒரு நாள் விரைவிற் கொன்றது. மற்றொரு நாள் நெடுநேரம் எடுத்தது. மருந்தில் வேறுபாடில்லை, ஆய்வறையின் வெளிச்சத்திலேயே வேறுபாடு இருந்தது. ஒளி மிகுந்தபோது மருந்தின் கொல்லும் ஆற்றலும் மிகுந்தது.

டாப்பைனரும் அவருடைய துணைவர்களும் இவ்வினைக்குப் பிராணவாயுவும் தேவை என்பதை நிறுவினர். 1903ஆம் ஆண்டிலேயே ஈயோசின் என்னும் சாயத்தைத் தோற்புற்றின்மீது தடவி ஒளி பாய்ச்சிப் பார்த்தனர். 1913ஆம் ஆண்டில் ஃபிரெடரிக் மேயர்-பெட்ஸ் என்னும் மருத்துவர், இரத்தத்தின் செந்நிறப் பொருளிலிருந்து கிடைக்கும் ஹெமட்டோபோர்ஃபிரினைத் தம் உடலிலேயே ஊசி வழி ஏற்றிக்கொண்டார். வெயில் பட்ட முகமும் கைகளும் கடுமையாக வீங்கின. பல வாரங்கள் அவர் வெளிச்சத்தை அஞ்சி வாழ நேர்ந்தது. இம்மருந்தின் வலிமையையும் அதன் முதன்மையான தீங்கையும் அவ்வொரு சோதனை உலகுக்குக் காட்டியது. 1970களில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் தாமஸ் டௌகர்டி நடத்திய ஆராய்ச்சிகளால் இது புற்றுநோய்ச் சிகிச்சையாக உருப்பெற்றது. 1993ஆம் ஆண்டில் கனடா நாடு இவ்வகையின் முதல் மருந்துக்கு அனுமதி அளித்தது.

மூன்று பொருள்கள் கூடும் இடம்

இச்சிகிச்சைக்கு வேண்டுவன மூன்று: ஒளிவினைப் பொருள், தக்க நிற ஒளி, உயிரணுக்களில் இயல்பாக உள்ள பிராணவாயு. இம்மூன்றில் ஒன்று இல்லையெனினும் வினை நிகழாது.

ஒளிவினைப் பொருளின் மூலக்கூறு ஒளியை ஏற்று, மிகுந்த ஆற்றலுள்ள நிலையை அடைகிறது. அவ்வாற்றலை அது பக்கத்திலுள்ள பிராணவாயுவுக்குக் கொடுத்துத் தன் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஆற்றல் பெற்ற பிராணவாயு மிகத் தீவிரமாக வினைபுரியும் வடிவாகி, உயிரணுவின் சவ்வுகளையும் புரதங்களையும் தாக்கிச் சிதைக்கிறது. இவ்வடிவம் கணப்பொழுதே நிலைக்கிறது. ஓர் உயிரணுவின் அகலத்தைக்கூட அது முழுமையாகக் கடப்பதில்லை. ஆகவே அழிவு, மருந்தும் ஒளியும் ஒருங்கே உள்ள இடத்தோடு நிற்கிறது. கட்டிக்கு உணவூட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் அடைபடுகின்றன. உயிரணுக்கள் இறப்பினும், அவற்றைத் தாங்கும் நார்ச்சட்டம் பெருமளவு கெடாதிருப்பதால், புண் குறைந்த வடுவோடு ஆறுகிறது. தேவையாயின் அதே இடத்தில் மீண்டும் சிகிச்சை செய்யலாம். கதிர்வீச்சை இவ்வாறு திரும்பத் திரும்பக் கொடுப்பது எளிதன்று.

பச்சையமும் ஒளியை ஏற்பது என்பதை ஆசிரியர்கள் வகுப்பிலேயே காட்டலாம். கீரையை அரைத்துச் சாராவியில் ஊறவைத்து வடிகட்டிய பச்சைக் கரைசலை, தீயின் அருகே கொண்டுபோகாமல், கண்ணாடிக் குழாயில் நிரப்பி வெயிலிற் பிடித்துப் பக்கவாட்டில் நோக்கினால், அது செந்நிறமாக ஒளிரும். ஏற்ற ஒளியின் ஒரு பகுதியைப் பச்சையம் செவ்வொளியாகத் திருப்பித் தருகிறது. உயிருள்ள இலையில் அவ்வாற்றல் உணவு சமைக்கப் பயன்படுகிறது. மிஞ்சுவது தீங்கு செய்யாதவாறு இலையின் மஞ்சள் நிறமிகள் தடுக்கின்றன. இலையினின்று பிரித்த பச்சையப் பொருளுக்கு அக்காவல் இல்லை.

ஒளி எவ்வளவு ஆழம் செல்லும்?

இருட்டறையில் டார்ச் விளக்கின்மேல் உள்ளங்கையை அழுத்திப் பிடித்தால் விரலிடுக்குகள் சிவந்து தோன்றும். நீல ஒளியையும் பச்சை ஒளியையும் இரத்தம் விழுங்கிவிட, சிவப்பு மட்டும் தசையைக் கடந்து வருகிறது. இவ்வுண்மையே எந்தத் தாவரப் பொருள் சிகிச்சைக்கு உதவும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. நீல ஒளி உடற்பரப்பில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்குள் வலுவிழக்கிறது. செவ்வொளி சில மில்லிமீட்டரும், சாதகமான நிலையில் ஒரு சென்டிமீட்டர் அளவும் செல்லக்கூடும்.

மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்குமின், ஒளியின் அலைநீளம் 420 முதல் 430 நானோமீட்டர் வரை உள்ள நீலப் பகுதியில் மிகுதியாக வினைப்படுகிறது. ஆய்வுக்கூடத் தட்டுகளில் வளர்த்த புற்று உயிரணுக்களை அது நீல ஒளியின் துணையால் அழிக்கிறது. வாயிலுள்ள கிருமிகளை ஒழிக்கவும் சோதிக்கப்பட்டுள்ளது. ஆயினும் நீரில் எளிதிற் கரையாமை, உடலில் விரைவிற் சிதைதல், நீல ஒளி ஆழம் செல்லாமை ஆகிய மூன்றும் அதற்குத் தடைகள்.

இமயமலையின் மேற்குச் சரிவுகளில் வளரும் ஹைபெரிக்கம் என்னும் மஞ்சட்பூச் செடியிலுள்ள ஹைபெரிசின், 590 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை ஏற்கிறது. அச்செடியை மிகுதியாக மேய்ந்த ஆடுகளும் வெயிலிற் புண்படுவதுண்டு. தோலிற் படரும் ஒருவகை நிணநீர்ப் புற்றுக்கு, செயற்கையாகத் தயாரித்த ஹைபெரிசின் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டுள்ளது.

பச்சையத்திலிருந்து பெறப்படும் குளோரின்-ஈ6 என்னும் பொருள் இவற்றினும் ஆழமாகச் செல்லும் செவ்வொளியை ஏற்பது. இது கிருமிநாசினியாகிய குளோரின் வாயு அன்று. பச்சை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இரண்டும் பெயர் பெற்றமையே ஒற்றுமை. இதன் வழிவந்த டாலபோர்ஃபின் என்னும் மருந்துக்கு 2003ஆம் ஆண்டில் ஜப்பான் நாடு தொடக்கநிலை நுரையீரற் புற்றின் சிகிச்சைக்காக அனுமதி அளித்தது; அதற்குரிய செவ்வொளியின் அலைநீளம் 664 நானோமீட்டர்.

கார்போகரிசியின் சோரலென் இவ்வரிசையில் வேறுபட்டது. அது பெரும்பாலும் பிராணவாயுவின் வழியே செயற்படாமல், உயிரணுவின் மரபுப் பொருளோடு நேரே பிணைகிறது. புறஊதாக் கதிருடன் அதனைப் பன்முறை பெற்றவர்களிடம் தோற்புற்று உண்டாகும் அபாயம் கூடுவது கண்டறியப்பட்டுள்ளது. செடியிலிருந்து வந்தது என்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது.

வாயில் செய்யப்பட்ட சோதனைகள்

ஒளிக்குழாயை எளிதிற் கொண்டு செல்லக்கூடிய இடம் ஆதலால் வாய் இச்சிகிச்சைக்கு மிகவும் ஏற்றது. பச்சையத்தின் வளைய அமைப்பை ஒத்த டெமோபோர்ஃபின் என்னும் செயற்கை மருந்துக்கு, தலை, கழுத்துப் பகுதிகளில் மற்றச் சிகிச்சைகள் பயனற்றுப்போன முற்றிய புற்றுநோயின் துன்பத்தைக் குறைப்பதற்காக, 2001ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி அளித்தது. புற்று உயிரணுவைத் தேடிப் பற்றும் எதிர்ப்புரதத்தோடு ஒளிவினைச் சாயத்தை இணைத்த மருந்து ஒன்றுக்கு 2020ஆம் ஆண்டில் ஜப்பான் நிபந்தனையுடன் அனுமதி தந்தது.

நம் நாட்டுக்கு மிக நெருங்கிய முயற்சி அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் நடந்ததாகும். அங்குப் பயன்படுத்திய பொருள் அமினோலெவுலினிக் அமிலம். இலை தன் பச்சையத்தையும், மனித உடல் தன் இரத்தச் சிவப்பையும் ஆக்குவதற்குத் தொடக்கமாக உள்ள சிறு மூலக்கூறு இதுவே. இதனைப் பருகிய நோயாளியின் உடலில், புற்று உயிரணுக்கள் இதைச் செவ்வொளிக்கு வினைப்படும் ஒரு பொருளாக மாற்றி மிகுதியாகச் சேர்த்து வைக்கின்றன. நீல ஒளியில் அப்பொருள் சிவந்து ஒளிர்வதால், கைப்பேசிப் படக்கருவி கொண்டே நோயின் எல்லையை அறிய முடிந்தது. பின்னர் விலை குறைந்த, எங்கும் எடுத்துச் செல்லக்கூடிய எல்.இ.டி. விளக்கிலிருந்து 635 நானோமீட்டர் செவ்வொளி ஒளிக்குழாய் வழியே பாய்ச்சப்பட்டது. நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாத, கன்னத்தின் உட்புறத்தில் தோன்றிய சிறு புற்றுடைய 30 பேர் இச்சோதனையிற் சேர்க்கப்பட்டனர். அவர்களுட் சிலர் கிராமப் பரிசோதனை முகாம்களிலிருந்து வந்தவர்கள். பெரும்பாலோரிடம் கட்டி முற்றிலும் மறைந்ததாக 2022ஆம் ஆண்டில் அறிக்கை வெளியாயிற்று.

இம்முடிவு நம்பிக்கை தருவதே. ஆனால் 30 பேரிடம் கண்ட பயன், அறுவைச் சிகிச்சைக்கு மாற்றாக இதனை நிறுவப் போதாது. இதற்குப் பெருமளவிலான ஒப்பீட்டுச் சோதனைகளும், பல ஆண்டுகள் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தலும் வேண்டும். சிகிச்சையின்போது வலியும், பின்னர் வீக்கமும் உண்டாகலாம். மருந்துக்கு ஏற்ப ஓரிரு நாள் முதல் பல வாரங்கள் வரை நோயாளி வெயிலைத் தவிர்க்க வேண்டும். வெளியில் உழைத்துப் பிழைப்போருக்கு இது எளிய நிபந்தனை அன்று.

எல்லாவற்றிலும் பெரிய வரம்பு ஒளியின் ஆழமே. எலும்பை அரித்த புற்றையும், கழுத்துக் கணுக்களுக்குப் பரவிய புற்றையும் கன்னத்திற் பாய்ச்சும் செவ்வொளி எட்டாது. மெல்லிய, தொடக்கநிலைத் திட்டுகளிலேயே இச்சிகிச்சையால் முழுக் குணத்தை எதிர்பார்க்க இயலும். எனவே இதன் பயன், நோயை எவ்வளவு விரைவிற் காண்கிறோம் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

மஞ்சள் பூச்சு சிகிச்சையாகாது

இத்தகைய ஆராய்ச்சிச் செய்திகள் ஊர்களை அடையும்போது வடிவு மாறிவிடுவதுண்டு. மஞ்சள் புற்றைக் கொல்லும், கீரைச்சாறும் வெயிலும் போதும் என்ற பேச்சு எழலாம். மஞ்சட்பொடியில் குர்குமின் நூற்றுக்குச் சில பங்கே உள்ளது. அதுவும் உயிரணுவினுள் தக்க அளவு சேர்ந்து, தக்க அலைநீளமுள்ள ஒளி அளந்து பாய்ச்சப்பட்டாலன்றி மேற்கூறிய வினை நிகழாது. உண்ட கீரையின் பச்சையம் புற்றிற் போய்ச் சேர்வதும் இல்லை. வாயில் பூசிய விழுது எரிச்சலைச் சற்றுத் தணிக்கலாம். அத்தணிவே நோயாளியை ஏமாற்றி, மருத்துவமனைக்குச் செல்வதைத் தள்ளிப்போடச் செய்யும். அவ்வாறு கழியும் மாதங்களில், சிறு அறுவையாலோ ஒளியாலோ நீக்கியிருக்கக்கூடிய திட்டு தாடை எலும்பை அடைந்துவிடக்கூடும். வீட்டு மருந்தை இகழாமல், "முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்" என்று எடுத்துக் கூறுவதே பயன் தரும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யக்கூடியவை

பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணால் பார்த்தே உயிர்களைக் காக்கலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996ஆம் ஆண்டில் ஒரு பெரும் ஆராய்ச்சி தொடங்கியது. மருத்துவம் படிக்காத பட்டதாரிகள் பயிற்சி பெற்று, வீடு வீடாகச் சென்று 35 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் வாயைப் பரிசோதித்தனர். 2005ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே, பரிசோதனை நடந்த ஊர்களில் வாய்ப் புற்றுநோய் மரணங்கள் மற்ற ஊர்களைவிட 34 சதவீதம் குறைந்திருந்தன. 2016ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகளும், 30 வயதைக் கடந்தோருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனை செய்ய வழி வகுத்தன.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சிலவே: துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட்டுத் துணி போன்ற சிவப்புத் திட்டு, இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், தடிப்பு அல்லது கட்டி, காரணமின்றி ஆடும் பல், காரம் பட்டால் எரிதலும் நாளடைவில் வாயை அகலத் திறக்க இயலாமையும், கழுத்தில் வலியில்லாத கணு. தொடக்கத்தில் வலி இல்லாமையே இந்நோயின் வஞ்சகம். வலியில்லை என்று நோயாளி கூறுவதைக் கொண்டு பணியாளர் திருப்தி அடையலாகாது. நல்ல வெளிச்சத்தில் உதடு, கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் மேற்புறமும் ஓரங்களும் அடிப்புறமும், அண்ணம் ஆகியவற்றை முறையாக நோக்கவேண்டும். ஐயத்துக்குரியவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ பல் மருத்துவரிடமோ அனுப்புவதோடு நில்லாமல், அவர் சென்றாரா என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். திட்டு புற்றா அன்றா என்பதை, சிறு துணுக்குத் திசுவை எடுத்துச் சோதித்த பின்னரே மருத்துவர் உறுதி செய்வார்.

நோயின் மூலத்தைத் தடுப்பதில் ஆசிரியரின் பங்கு பெரிது. குட்கா, கைனி, பான் மசாலா, மாவா என வட்டாரந்தோறும் பெயர் மாறினும், அவற்றின் தீங்கு புகையிலையிலும் பாக்கிலும் உள்ளது. புகையிலை சேராத பாக்கும் தனியே புற்றுநோய் உண்டாக்கும் என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004ஆம் ஆண்டில் உறுதிப்படுத்தியது. புகையிலை இல்லை என்று அச்சிட்ட பாக்குப் பொட்டலத்தைத் தீங்கற்ற தின்பண்டமாகச் சிறுவர் எண்ணாதவாறு செய்தல் வேண்டும். கல்வி நிலையங்களிலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பதை 2003ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்துள்ளது. இதனைப் பள்ளி நிர்வாகமும் பெற்றோரும் சேர்ந்து வலியுறுத்தலாம்.

இலைப் பச்சையும் செவ்வொளியும் கூடி ஒரு நோயாளியின் நாக்கையும் தாடையையும் காக்கும் நிலை பரவலாக வருமாயின், அதன் பயன் தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டவர்களுக்கே முதலிற் கிடைக்கும். விளக்கும் மருந்தும் ஆய்வுக்கூடத்திலிருந்து வரவேண்டியவை. நோய்த்திட்டை உரிய காலத்தில் காணும் பணியோ ஊரிலும் பள்ளியிலும் தொடங்குவது; அதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதற்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.